ஏசி ஹெல்மெட் ஏன் குளிர மாட்டேங்குது? குளிர்ந்தாலும் அது ஏன் பத்தாது?

வெயில் ஏற ஏற இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி கேள்வியா வருது. "டாக்டர், கம்பெனியில ஏசி ஹெல்மெட் குடுத்திருக்காங்க. முதல் ரெண்டு நாள் சில்லுன்னு இருந்துச்சு. இப்போ அனலா அடிக்குது. இதைப் போட்டுக்கிட்டா உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

ஹெல்மெட் ரிப்பேருக்கு டாக்டரையா கேக்கறதுன்னு சிரிக்காதீங்க. கேள்வி சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கு. அந்த மெஷின் பண்ற வேலையும் உங்க தோல் பண்ற வேலையும் ஒண்ணுதான்: உள்ளே இருக்கற சூட்டை வெளியே தள்ளுறது. ரெண்டுல எது மக்கர் பண்ணாலும் கடைசியில கேஸ் எங்க வார்டுக்குத்தான் வருது.

கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு டம்ளர் மோரோட உட்கார்ந்து படிங்க.

முதல்ல உங்க ஹெல்மெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. 'ஏசி ஹெல்மெட்'னு பேர் போட்டு விக்கறதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. சிலதுல வெறும் குட்டி ஃபேன் மட்டும் இருக்கும். சிலது நம்ம வீட்டு ஏர்கூலர் மாதிரி, ஈரமான பஞ்சுத் திண்டு வழியா காத்தை இழுக்கும். இன்னும் சிலதுலதான் நிஜமாவே குளிர்விக்கிற 'பெல்டியர்' வில்லை இருக்கும். 2023-ல அகமதாபாத் போக்குவரத்து போலீசுக்கு ஏசி ஹெல்மெட் குடுத்து சோதனை பண்ணினதுலேருந்து ஊருக்கு ஊர் இந்தப் பேச்சுதான். ஆனா செய்தியில 'ஏசி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. உள்ளே இருக்கறது ஃபேனா, பஞ்சா, பெல்டியரான்னு யாரும் கேக்கறதில்லை.

ஈரப் பஞ்சு வகை சேலத்துலயோ வேலூர்லயோ வறண்ட வெயில்ல ஓரளவு வேலை செய்யும். சென்னை, கடலூர், தூத்துக்குடின்னு கடலோரம் வந்தா காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கும், பஞ்சுல இருக்கற தண்ணி ஆவியாக இடமே இருக்காது. அது ரிப்பேர் இல்லைங்க. ஊருக்குப் பொருந்தாத பொருளை வாங்கிட்டாங்க, அவ்ளோதான்.

இனி பெல்டியர். ஷான் பெல்டியர்னு ஒரு பிரெஞ்சுக்காரர். முதல்ல கடிகாரம் செஞ்சுக்கிட்டிருந்தவர், அப்புறம் இயற்பியல் பக்கம் வந்தார். 1834-ல அவர் பார்த்தது இது: ரெண்டு வேற வேற உலோகம் சேர்ற இடத்துல மின்சாரம் பாய்ச்சினா ஒரு இணைப்பு குளிருது, இன்னொரு இணைப்பு சூடாகுது. இன்னைக்கு அந்த வேலைக்குப் பிஸ்மத் டெல்லுரைடு பயன்படுது. கடையில அதிகமா கிடைக்கற வில்லை நாலு சென்டிமீட்டர் சதுரம். உள்ளே 127 ஜோடி குட்டிக் குட்டித் தூண்கள், மேலயும் கீழயும் வெள்ளை செராமிக் தகடு. கம்ப்ரசர் கிடையாது, கேஸ் கிடையாது, சத்தம் கிடையாது. கொரோனா சமயத்துல நம்ம எல்லாரோட மூக்குச் சளியையும் சோதிச்ச பிசிஆர் மெஷின்ல நிமிஷத்துக்கு நிமிஷம் சூடு ஏத்தி இறக்கினது இதே பெல்டியர்தான்.

இங்கதான் எல்லாரும் ஒரு விஷயத்தைக் கோட்டை விடறாங்க. பெல்டியர் குளிரை 'உண்டாக்கறது' இல்லை. உள்ளே இருக்கற சூட்டை அள்ளி வெளியே ஊத்துது. ஓட்டைப் படகுலேருந்து தண்ணி இறைக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. இறைச்ச தண்ணியைப் படகுக்குள்ளயே ஊத்தினா? அதோட, இந்த இறைக்கிற ஆளும் வேர்த்து ஊத்தறவன். உங்க தலையிலேருந்து 10 வாட் சூட்டை எடுக்க அவன் 10-லிருந்து 20 வாட் மின்சாரம் சாப்பிடுவான். அப்போ வெளிப்பக்கம் மொத்தமா 20-லிருந்து 30 வாட் சூடு சேரும். அது காத்துல போய்க்கிட்டே இருக்கணும். போகலைன்னா அவ்வளவும் வில்லை வழியாவே திரும்ப உள்ளே வரும். குளிரூட்டி அப்போ ஹீட்டர் ஆயிடும்.

"முதல் ரெண்டு நாள் சில்லுன்னு இருந்துச்சு, இப்போ அனல்"னு சொல்றவங்களுக்கு நான் முதல்ல கேக்கற கேள்வி இதுதான்: பின்பக்க ஃபேன் சுத்துதா? சிமென்ட் தூசி, மரத்தூள், நூல் பிசிறு, கிரைண்டர்லேருந்து பறக்கற இரும்புத் துகள். அலுமினியத் தகடு இடுக்குல இது அப்பிக்கிட்டா கதை முடிஞ்சது. பழைய டூத்பிரஷ் போதும், தட்டி எடுங்க. வாட்டர் வாஷ் வேண்டாம். வெயிலுக்குத் துண்டையோ தொப்பித் துணியையோ ஹெல்மெட் மேல போட்டுக்கறவங்களும் கவனிங்க, அந்தத் துணி காத்துப் போற வழியை அடைச்சிருக்கும்.

அதுவும் சரியா இருந்தா, நாங்க நோயாளியைத் தொட்டுப் பார்க்கற மாதிரி ஹெல்மெட்டையும் தொட்டுப் பார்க்கலாம். தலையில மாட்டாம, நிழல்ல வெச்சு ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க. உள்பக்கத் தகட்டையும் வெளிப்பக்கத் தகட்டையும் தனித்தனியா தொடுங்க. வெளியே நல்லா சூடு, உள்ளே ஜில்லுன்னா மெஷின் ஆரோக்கியம். ரெண்டுமே வெதுவெதுன்னு ஏறிக்கிட்டே போனா சூடு வெளியேறலை. ஃபேனைப் பாருங்க, இல்லைன்னா வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவுல தடவின பேஸ்ட் காஞ்சு போயிருக்கும், அல்லது ஸ்க்ரூ ஒரு பக்கம் லூஸா இருக்கும். உள்பக்கம் சூடு, வெளிப்பக்கம் ஜில்லுன்னு தலைகீழா இருந்தா, யாரோ பேட்டரி மாத்தும்போது சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்திக் குடுத்துட்டாங்க. கேக்க காமெடியா இருக்கும், ஆனா பெல்டியர்ல மின்சாரத்தோட திசை மாறினா குளிர்ப் பக்கமும் மாறிடும், ஹெல்மெட் உங்க மண்டையை வறுக்க ஆரம்பிச்சிடும்.

ரெண்டு பக்கமும் ஒண்ணுமே நடக்கலை, ஆனா ஃபேன் மட்டும் ஜோரா சுத்துதுன்னா? பேட்டரி சோர்ந்து போயிருக்கலாம். ஃபேனுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும், வில்லைக்கு ஆம்பியர் கணக்குல வேணும். பேட்டரி புதுசுன்னா வில்லையே விரிசல் விட்டிருக்கலாம். மல்டிமீட்டர் இருக்கற எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து, வில்லை முழுசா ஆறின அப்புறம் ரெசிஸ்டன்ஸ் பார்க்கச் சொல்லுங்க. நான் சொன்ன சைஸ் 12 வோல்ட் வில்லைக்குச் சுமாரா 2 ஓம் காட்டணும். பத்து, இருபதுன்னு காட்டினா உள்ளே சால்டர் விட்டிருக்குன்னு அர்த்தம். ஆறறதுக்கு முன்னாடி பார்த்தா மீட்டர் பொய் சொல்லும். ரெண்டு பக்கமும் வேற வேற சூடா இருக்கும்போது வில்லை தானே வோல்டேஜ் குடுக்கும். இதுக்குப் பேர் சீபெக் விளைவு, பெல்டியரோட அண்ணன்.

ஒரு எச்சரிக்கை. 'சும்மா செக் பண்றேன்'னு வில்லையைத் தனியா கழட்டி, தகடு இல்லாம பேட்டரியில மாட்டாதீங்க. சில நொடியில கை சுட்டுடும், வில்லையும் போயிடும்.

நம்ம ஊருக்கே உரிய வியாதி ஒண்ணு இருக்கு: ஈரம். 34 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் இருக்கற ஒரு சாதாரண சென்னை நாள்ல, எந்தப் பொருள் சுமார் 28 டிகிரிக்குக் கீழே போனாலும் அது மேல தண்ணி முத்து முத்தா கோர்க்கும். ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கற கதை. பெல்டியரோட குளிர்ப் பக்கமும் அப்படித்தான் வேர்க்கும். அந்தத் தண்ணி வில்லையோட ஓரத்துல புகுந்தா தூண்கள் அரிக்கும், ஒயர்ல புகுந்தா ஷார்ட். உப்புக் காத்துன்னா கேக்கவே வேண்டாம். அதனாலதான் நல்ல தயாரிப்புல வில்லையைச் சுத்தி சிலிக்கான் பூசி மூடியிருப்பாங்க. வாங்கும்போது அதைக் கேளுங்க. வேலை முடிஞ்சதும் ஹெல்மெட்டைப் பைக்குள்ள திணிக்காம திறந்து உலர விடுங்க.

இன்னொண்ணு, தயவு செஞ்சு கேளுங்க: காத்து வரணும்னு ஹெல்மெட் ஓட்டுல நீங்களா ஓட்டை போடாதீங்க. தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 2925, டூவீலர் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151ன்னு தரம் இருக்கறது அந்த ஓடு அடியைத் தாங்கணும்னுதான். பேட்டரி, ஃபேனை எல்லாம் பின்னாடி டேப் போட்டு ஒட்டறதும் அதே மாதிரிதான், கழுத்துக்குப் பாரம். ஹெல்மெட்டோட முதல் வேலை மண்டையைக் காப்பாத்தறது. ஜில்லுன்னு இருக்கறது அதுக்கப்புறம்தான்.

சரி, எல்லாம் சரி பண்ணியாச்சு, ஹெல்மெட் கம்பெனி சொன்ன மாதிரியே குளிருது. இப்போ டாக்டரா என் கருத்துக்கு வர்றேன். பலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

ஒரு சின்னக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கற மனுஷ உடம்பு 100 வாட் பல்பு மாதிரி, கிட்டத்தட்ட 100 வாட் சூட்டை உண்டாக்குது. செங்கல் தூக்கறது, கம்பி கட்டறதுன்னு வேலை செஞ்சா 300 வாட், அதுக்கு மேலயும் போகும். இது போக வெயில் தன் பங்கை மேல கொட்டுது.

ஹெல்மெட் எவ்வளவு எடுக்கும்? 10,000 எம்ஏஎச் பேட்டரின்னா உள்ளே இருக்கறது 37 வாட்-மணி. மூணு மணி நேரம் ஓடணும்னா சுமார் 12 வாட்தான் செலவு பண்ணலாம். அதுல ஃபேனும் ஓடணும். அந்த மின்சாரத்துல பெல்டியர் உங்க தலையிலேருந்து எடுக்கறது, தாராளமா போட்டாலும், 10 வாட்.

300-க்கு எதிரா 10.

இப்போ பானைத் தண்ணியைப் பாருங்க. 25 டிகிரியில இருக்கற ஒரு லிட்டர் தண்ணியை ஒரு மணி நேரத்துல குடிச்சா, அது உடம்புச் சூட்டுக்கு ஏறறதுக்குள்ளயே சுமார் 14 வாட் சூட்டை எடுத்துக்கும். ஹெல்மெட்டோட வேலை அதுலயே முடிஞ்சது. அந்தத் தண்ணி வேர்வையா வெளியே வந்து, முழுசா தோல் மேலேயே ஆவியானா 670 வாட் வரைக்கும் எடுக்கும். தப்பா படிக்கலை, அறுநூத்தி எழுபது. எவ்வளவு காசு குடுத்தாலும் உங்க தோலுக்கு இணையா ஒரு ஏசியை யாரும் இன்னும் தலையில மாட்டலை. அதுக்குத் தேவை மூணுதான்: தண்ணி, உப்பு, காத்து. காத்துல ஈரம் ஏறி வேர்வை ஆவியாகாம சொட்டினா அந்த 670 சரசரன்னு குறையும். அப்போ வேலையைக் குறைக்கறது மட்டும்தான் வழி.

"அட, 10 வாட்டா இருந்தாலும் தலையிலதானே எடுக்குது, தலை வழியாத்தானே பாதிச் சூடு போகும்?" இது பழைய கதை. பெரியவங்களுக்குத் தலை, உடம்புப் பரப்புல சுமார் பத்துல ஒரு பங்குக்கும் குறைவு. சூடும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் போகும்.

ஆனா தலைக்கும் முகத்துக்கும் வேற ஒரு விசேஷம் உண்டு. குளிரை உணர்ற திறமை அங்க ரொம்ப அதிகம். நெத்தியில கொஞ்சம் ஜில்லுன்னு பட்டா போதும், மூளை 'அப்பாடா'ன்னு மூச்சு விடும். உள்ளே இருக்கற சூடு கொஞ்சமும் இறங்கியிருக்காது. என் பயமே இதுதான். குடல்வால் வீங்கியிருக்கும்போது வலி மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி. வலி தெரியலை, வீக்கம் அப்படியே இருக்கு.

எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு மே மாசம் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் வந்தார். ஊரும் கம்பெனியும் வேண்டாம். உலை பக்கத்துல வேலை. காலெல்லாம் பிடிச்சு இழுக்குது, வாந்தி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்துல. "தலை சில்லுன்னுதான் சார் இருந்துச்சு, அதான் நிறுத்தலை"ன்னார். ஹெல்மெட் வர்றதுக்கு முன்னாடி அங்க மணிக்கு பத்து நிமிஷம் இளைப்பாற விடுவாங்களாம். ஹெல்மெட் குடுத்த பிறகு, 'அதான் ஏசி இருக்குல்ல'ன்னு கான்ட்ராக்டர் அதை நிறுத்திட்டார். மூணு நாள் டிரிப்ஸ்ல கிரியாட்டினின் இறங்கி வீட்டுக்குப் போனார். அவர் ஹெல்மெட் ரிப்பேர் இல்லை. நல்லாவே குளிர்ந்துக்கிட்டிருந்தது!

நான் ஹெல்மெட்டுக்கு எதிரி இல்லை. 2020-ல பிபிஇ கிட்டுக்குள்ள ஆறு மணி நேரம் வெந்து, கையுறையைக் கழட்டினா வேர்வை கொட்டின அனுபவம் எங்க தலைமுறை டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும் உண்டு. யாராவது அப்போ கழுத்துல ஒரு பெல்டியர் மாட்டிவிட்டிருந்தா கும்பிட்டிருப்போம். சிக்னல்ல நிக்கற போலீஸ்காரருக்கு அது ஒரு ஆறுதல்னா தாராளமா குடுங்க. ஆனா அந்த ஹெல்மெட்டைக் காரணம் காட்டி ஓய்வு நேரத்தைப் பிடுங்கினா, அந்த ஹெல்மெட்டே ஆபத்து. கொள்முதல் கையெழுத்து போடற சேஃப்டி ஆபீசர்கள் யாராவது இதைப் படிச்சா, பில்லோட சேர்த்து ஒரு வரி எழுதுங்க: 'இதனால் ஓய்வு நேரம் குறைக்கப்படாது.' அவ்ளோதான் நான் கேக்கறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. இறந்தா நிவாரணம் 4 லட்சம். நல்ல முடிவு. ஆனா இறந்த பிறகு வர்ற பணத்தைப் பத்தி இவ்வளவு தெளிவா இருக்கற நாம, மதியம் 12-லிருந்து 3 வரைக்கும் மொட்டை வெயில்ல கான்கிரீட் போடலாமாங்கறதுல ஏன் மழுப்பறோம்? பக்கத்துக் கேரளாவுல தொழிலாளர் துறை கோடைதோறும் அந்த மூணு மணி நேரத்துக்கு வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு வேலை நேரத்தையே மாத்துது. நாமளும் 2021-ல கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினவங்கதான். வெயில்ல நிக்கறவங்களுக்கு அதே மனசு வரணும்.

இன்னொரு கூட்டத்தை மறந்துடாதீங்க: வேலைக்குப் புதுசா வந்தவங்க. வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணு, ரெண்டு வாரம் ஆகும். அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத வேலை, அப்புறம் தினம் 20 சதவீதம் கூட்டுன்னு சொல்லுது. நம்ம ஊர்ல ரயில் இறங்கின மறுநாளே முழு ஷிப்ட். லீவுல போய்ட்டு வந்த பழைய ஆளுக்கும் இதே கதிதான். எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்கள்ல இளவயசுலயே சிறுநீரகம் பழுதான வெட்டுத் தொழிலாளர்களைப் பத்தி மருத்துவ உலகம் வருஷக்கணக்கா பேசுது. அங்க கையில எடுத்த வழி தண்ணி, நிழல், ஓய்வு. பேட்டரி தேவைப்படாத வழி.

நிழல்னா பெருசா ஒண்ணும் இல்லை. நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொட்டுது. தலைக்கு மேல ஒரு தார்ப்பாய் கட்டினா அதுல உங்க பங்குல நூறு வாட்டுக்கு மேல தடுக்க முடியும். பத்து ஹெல்மெட்டுக்குச் சமம்.

அவசரத்துக்கு ஒண்ணு. கூட வேலை பார்க்கறவர் திடீர்னு சம்பந்தமில்லாம பேசறார், தள்ளாடறார், வலிப்பு, மயக்கம், உடம்பு கொதிக்குதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக். வேர்வை வந்துக்கிட்டிருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். ஒருத்தர் 108-க்கு அடிங்க. மத்தவங்க அங்கேயே குளிர்விக்க ஆரம்பிங்க: ஹெல்மெட், பூட்ஸ், சட்டையைக் கழட்டி, நிழல்ல படுக்க வெச்சு, பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தி, அட்டையாலயாவது விசிறுங்க. தொட்டி இருந்தா, தலையை மட்டும் வெளிய தாங்கிப் பிடிச்சு, கழுத்து வரைக்கும் உள்ளே இறக்குங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. நினைவு சரியில்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாராசிட்டமால் குடுத்து உட்கார்ந்திருக்காதீங்க, அது காய்ச்சலுக்கான மருந்து, இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

கடைசியா, கமென்ட்ல வரப்போற கேள்விக்கு இப்பவே பதில். "அப்போ எதுக்குக் காசு செலவு பண்ணலாம் டாக்டர்?" ஐஸ் வெஸ்ட். பாக்கெட் வெச்சுத் தைச்ச கையில்லா மேல்சட்டை, உள்ளே ஐஸ் பேக். ஒரு கிலோ ஐஸ் ஒரு மணி நேரத்துல உருகினா 93 வாட் சூட்டை எடுக்கும். அது முழுசும் உங்க உடம்புலேருந்து வராது, வெளிக்காத்தும் பங்கு கேட்கும். பாதி வந்தாலே நாலஞ்சு ஹெல்மெட்டோட வேலை. கேன்டீன்ல ஒரு டீப் ஃப்ரீசர், ஆளுக்கு ரெண்டு செட் பேக், ஓய்வு நேரத்துல மாத்திக்கலாம். உள்ளே பனியன் போட்டுக்கிட்டு மாட்டுங்க, ஐஸ் நேரா தோல்ல படக் கூடாது. உருகின பிறகும் மாட்டிக்கிட்டே திரியாதீங்க, வேர்வைக்கு வழி விடாம அதுவே கம்பளி ஆயிடும். ஊர் டெய்லர்கிட்ட கித்தான் துணியைக் குடுத்தா தைச்சுக் குடுத்துடுவார். அளவு, பாக்கெட் எங்கெங்க வரணும்ங்கற படத்தை நாளைக்குத் தனியா போடறேன்.